உப்பு வெடித்தலும் வெங்காரம் பொரிதலும்

1. முன்னுரை

குழந்தைக்குக் கண்ணேறு கழிக்கும் வழக்கம் தமிழகத்து இல்லங்களில் இன்றும் உண்டு. கல்லுப்பையும் மிளகாயையும் கையில் அடக்கிக் குழந்தையை மும்முறை சுற்றி, எரியும் அடுப்பில் இடுவர். உப்புப் படபடவென வெடிக்குமாயின் கண்ணேறு மிகுதி என்று முதியோர் கூறுவர். மிளகாயின் நெடி எழாதொழியினும் அவ்வாறே கூறுவர். இவ்வழக்கத்தின் தோற்றத்தையோ அதன்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கையையோ ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அடுப்பிலிட்ட உப்பு ஏன் வெடிக்கிறது, அவ்வொலி எதற்குச் சான்றாகும் என்னும் இரு வினாக்களே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இயற்பியலாரும் வேதியியலாரும் ஆராய வேண்டிய பொருளைத் தமிழாய்வாளர் எடுத்துக்கொள்வது ஏன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. சித்த மருத்துவ நூல்களில் உப்பினங்களைத் தீயிலிட்டுப் பக்குவம் செய்யும் முறைகள் பலவாக வருகின்றன. அவற்றைப் பதிப்பிப்போரும், அவற்றுக்கு உரை காண்போரும், அகராதி தொகுப்போரும், கலைச்சொல் ஆக்குவோரும் 'வெடித்தல்', 'பொரிதல்' என்னும் இரு சொற்களையும் ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டு விடுகின்றனர். அவை ஒன்றல்ல, அவை குறிக்கும் நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாமையால் நூற்பொருள் திரிவதோடு, மருந்தின் அளவும் பிழைபட இடமுண்டு. ஆதலின் சொல்லையும் பொருளையும் ஒருங்கே வைத்து ஆராய்வாம்.

2. சொற்களும் அவற்றின் ஆட்சியும்

முதற்கண் 'வெடி' என்னும் சொல்லை நோக்குவோம். கோடையில் நிலம் வெடிக்கிறது, பருத்திக்காய் வெடிக்கிறது, பனிக்காலத்தில் உதடு வெடிக்கிறது, குதிகாலில் தோன்றும் பிளவைப் பித்தவெடிப்பு என்கிறோம். இவற்றுள் எங்கும் பேரொலி இல்லை. பிளவே இச்சொல்லின் உள்ளீடு. ஒலியுடன் பிளப்பனவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே, ஒரு பொருள் தன் முழுமை கெட்டுப் பிளவுறுதல் என்பதே 'வெடித்தல்' என்பதன் பொதுப்பொருள் எனக் கொள்ளலாம்.

'பொரி' என்பதன் ஆட்சி வேறு. நெல் பொரிகிறது; அப்பளம் பொரிகிறது; முட்டை பொரிந்து குஞ்சு வெளிப்படுகிறது. சங்கப் பாடல்களில் செதில் செதிலாக வெடிப்புற்ற அடிமரத்தைப் 'பொரியரை' எனச் சுட்டும் வழக்கும் உண்டு. இவற்றை ஒருங்கு நோக்கின், உள்ளிருந்து எழும் மாற்றத்தால் புறவடிவம் வேறாதல் என்னும் கருத்து இவற்றில் ஊடாடுதல் புலனாகும். நெல் நெல்லாக இராது பொரியாகிறது. முட்டை முட்டையாக இராது குஞ்சாகிறது. வெடித்த நிலமோ நிலமாகவே நிற்கிறது. இதுவே இரண்டற்கும் உள்ள வேறுபாடு.

இலக்கண அமைப்பிலும் இவ்வேறுபாடு ஓரளவு விளங்குகிறது. பொரிதல் தன்வினை, பொரித்தல் பிறவினை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவற்றைப் பிரித்தே காட்டும். வெடித்தல் என்பதோ தகர இரட்டிப்புப் பெற்றும் தன்வினையே. 'பட்டாசு வெடித்தான்' என்னும் இக்கால வழக்கு நீங்கலாக, ஒன்றை வெடிக்கச் செய்தான் என்றே பெரும்பாலும் கூறுகிறோம். மருத்துவன் வெங்காரத்தைப் பொரிக்கிறான். உப்பு, அவன் கருதாமலே வெடிக்கிறது. முன்னது செய்தொழில், பின்னது நேரும் நிகழ்ச்சி.

இவ்வெல்லை யாண்டும் உறுதியாக நிற்பதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளிக்கும்போது 'கடுகு வெடித்தது' என்றும் 'கடுகு பொரிந்தது' என்றும் இருவகையாகவும் கூறுவர். அங்கே ஒலியும் பிளவும் உண்டு. கடுகு பக்குவமடைதலும் உண்டு. முன்னதை நோக்கியவர் வெடித்தது என்கிறார். பின்னதை நோக்கியவர் பொரிந்தது என்கிறார். ஒரே நிகழ்ச்சியில் இரு கூறுகளும் அமைந்தவிடத்து இரு சொற்களும் பொருந்துதல் இயல்பே. இவ்வெடுத்துக்காட்டு நாம் கூறிய வேறுபாட்டை அழிப்பதன்று; அதனை உறுதி செய்வதேயாம்.

இவற்றோடு வல்லின றகரம் பெற்ற 'பொறி' என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தீப்பொறி வேறு, நெற்பொரி வேறு. பேச்சில் ரகர றகர வேறுபாடு மங்கிய பகுதிகளில் ஏடெழுதியோர் இவ்விரண்டையும் மாற்றி எழுதுதல் உண்டு. 'பொரிய' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பொறிய' என்றிருப்பின், தீயில் பொரிதல் என்பது பொறி பறத்தல் என மாறிவிடும். வெங்காரம் பொரியும், பொறி பறவாது. பொருளறிவு பாடத்தேர்வுக்கு எவ்வாறு துணையாகும் என்பதற்கு இதுவே சான்று.

'உப்பு' என்னும் பெயரும் 'உப்புதல்' என்னும் வினையும் ஒரே வடிவின. வெங்காரம் தீயில் உப்புவதைக் கண்டு, இதனாலேயே இவ்வினங்கள் உப்பு எனப் பெயர்பெற்றன என்று வேர்காண எவரேனும் முற்படலாம். அம்முடிவுக்கு விரைந்து செல்லுதல் தகாது. நாள்தோறும் வழங்கும் கறியுப்பு உப்புவதில்லை, அது வெடிப்பது. அன்றாட உப்புக்கு இல்லாத ஓர் இயல்பை அதன் பெயர்க்காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

3. பொரிவன: படிகநீரின் செயல்

இனிப் பொருளை நோக்குவோம். மருத்துவர் பொரித்தெடுக்கும் சரக்குகளுள் தலையானவை வெங்காரமும் படிகாரமும் ஆகும். இவ்விரண்டும் தம் படிக அமைப்பிலேயே நீரைக் கொண்டவை. இந்நீர் ஈரமாக ஒட்டியிருப்பதன்று. குறித்த விகிதத்தில் படிகத்தின் கட்டமைப்பிலேயே ஓர் உறுப்பாக நிற்பது. இதனைப் படிகநீர் என்போம். வெங்காரத்தின் ஒவ்வோர் அலகிலும் 10 நீர் மூலக்கூறுகள் உள்ளன. படிகாரத்தில் 12 உள்ளன. எடையளவில் வெங்காரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடும், படிகாரத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடும் நீரே. கையிலெடுக்கும் படிகாரக் கட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நீர் என்பது கண்ணுக்குத் தோன்றாது.

சட்டியிலிட்டுச் சூடேற்றினால் இவை முதலில் தம் நீரிலேயே உருகுகின்றன. படிகாரம் 92 பாகை செல்சியசு அளவில் இவ்வாறு இளகும். பின்னர் நீர் ஆவியாகி வெளியேற முயல்கிறது. இளகிய பொருள் பாகுபோல் இழுபடும் தன்மையுடையதாதலின், ஆவி அதனைக் குமிழி குமிழியாக ஊதி எழுப்புகிறது. நீர் நீங்கியபின் எஞ்சுவது எடை குறைந்து பருமன் மிகுந்த வெண்ணிறப் பஞ்சு போன்ற பொருள். நெல்லிலிருந்து பொரி தோன்றுதல் போன்றதே இதுவும். இச்செயலைப் 'பொரித்தல்' எனத் தமிழ் மருத்துவர் பெயரிட்டது மிகவும் பொருத்தமுடையது.

துருசும் படிகநீர் உடையதே. அதில் 5 நீர் மூலக்கூறுகள் உள்ளன. எடையில் 36 விழுக்காடு நீர். ஆனால் அது வெங்காரம்போல் பாகாகி எழுவதில்லை. நீலம் மங்கி வெண்பொடியாகிறது. அப்பொடியில் நீர் தெளித்தால் மீண்டும் நீலமாகிறது. கற்பூரச் சிலாசத்து எனப்படும் ஜிப்சத்திலும் எடையில் 21 விழுக்காடு அளவுக்குப் படிகநீர் உண்டு; அதுவும் சூட்டில் பொடிந்து வெளுக்கும். ஆகவே படிகநீர் நீங்குதல் என்பது ஒன்றே. அது பொரிதலாகத் தோன்றுவதும் பொடிதலாகத் தோன்றுவதும் அப்பொருள் இளகும் இயல்பைப் பொறுத்தது. இவை அனைத்தினும் ஓர் ஒற்றுமை உண்டு. பாதியளவு நீரைக் கொண்ட சரக்கும், அந்நீரை இழக்கும்போது பெரும்பாலும் அமைதியாகவே இழக்கிறது.

4. வெடிப்பன: சிறைநீரின் செயல்

இதற்கு நேர்மாறாக, கறியுப்பாகிய சோடியம் குளோரைடு கடல்நீரிலிருந்து விளையினும் படிகநீர் சிறிதும் இல்லாதது. ஈய நைட்ரேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும் அத்தகையனவே. ஆயினும் சூடேற்றும்போது படபடவென வெடிப்பவை இவையே. நீர் மிகுதியாக உள்ளவை அமைதியாகப் பொரிய, நீரற்றவை ஒலியெழ வெடிக்கின்றன. இம்முரணே இப்பொருளின் உயிர்நாடி. இதனை விளக்க, உப்பு விளையும் முறையை அறிதல் வேண்டும்.

கடல்நீரில் உப்புக்களின் பங்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. தூத்துக்குடி, வேதாரணியம், மரக்காணம் முதலிய இடங்களின் உப்பளங்களில் இந்நீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி வெயிலில் வற்றச் செய்கின்றனர். போமே அளவையில் 25 பாகை அளவிற்குச் செறிவு ஏறியதும் உப்புப் படியத் தொடங்கும். இப்படிகங்கள் கனசதுர வடிவின. விரைந்து வளரும்போது அவற்றின் முனைகளும் ஓரங்களும் முகங்களின் நடுப்பகுதியைக் காட்டிலும் முந்தி வளர்கின்றன. நடுவே பள்ளம் விழுகிறது. அப்பள்ளத்தில் நின்ற உவர்நீரை அடுத்து வளரும் உப்படுக்கு மேலே மூடிவிடுகிறது. இவ்வாறு படிகத்தினுள் நுண்ணிய அறைகள் எண்ணிறந்தன உண்டாகி, ஒவ்வொன்றிலும் உவர்நீர் அடைபட்டுக் கிடக்கிறது. படிகத்தின் அமைப்பிற்கு உறுப்பாகாது அதனுள் அகப்பட்ட இந்நீரைச் 'சிறைநீர்' என அழைக்க விரும்புகிறோம். படிகநீர் வீட்டுக்கு உரியவன் போன்றது. சிறைநீர் கதவடைத்ததால் உள்ளே அகப்பட்டவன் போன்றது.

கல்லுப்பைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் நோக்குக. ஒரு பகுதி கண்ணாடிபோல் தெளிந்தும், மற்றொரு பகுதி பால்போல் வெளுத்தும் இருக்கும். அவ்வெண்மை பெரும்பாலும் சிறைநீர் அறைகள் நெருங்கி அமைந்து ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது. வெடிப்பும் அப்பகுதியிலேயே மிகுதி.

இவ்வறையைச் சூடேற்றும்போது நிகழ்வது யாது? 20 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடேறுங்கால் நீரின் பருமன் ஏறத்தாழ 4 விழுக்காடு பெருகும். உப்புப் படிகத்தின் பருமனோ ஏறத்தாழ 1 விழுக்காடே பெருகும். நீர் பெருகும் அளவுக்கு அறை பெருகுவதில்லை. அறையில் சிறு குமிழி இருக்குமாயின் நீர் பெருகி முதலில் அவ்விடத்தை நிரப்பும். குமிழி மறைந்தபின் ஒதுங்க இடமில்லை. அதன்பின் சூடு ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அழுத்தம் சுமார் 10 முதல் 20 வளிமண்டல அளவு உயரும். சில பத்துப் பாகைக்குள் அழுத்தம் பல நூறு வளிமண்டல அளவை எட்டிவிடும். படிகச் சுவர் தாங்காத நிலையில் பிளவுறுகிறது. அடைபட்டிருந்த நீர் ஒரு நொடியில் ஆவியாக விரிந்து துணுக்குகளை எறிகிறது. அப்பிளவின் ஒலியே நாம் கேட்கும் படபடப்பு. உப்பு உருகுவது ஏறத்தாழ 801 பாகையில். வெடிப்போ அதற்கு நெடுமுன்பே நிகழ்ந்து முடிகிறது. சிதறிய துணுக்குகளை நோக்கின் அவை சிறு சிறு கனசதுரங்களாகவும் நீள்சதுரங்களாகவும் இருத்தலைக் காணலாம். படிகம் தன் இயல்பான தளங்களின் வழியே பிளந்தமைக்கு அது சான்று.

இவ்விளக்கம் உண்மையாயின் சில முடிவுகள் அதிலிருந்து பெறப்பட வேண்டும். அவற்றை எவரும் சோதித்தறியலாம். ஒரே கல்லுப்பில் ஒரு பங்கை அவ்வாறே வைத்து, மற்றொரு பங்கை அம்மியில் மிக நுண்ணிதாக அரைத்துக்கொள்க. இரண்டையும் தனித்தனிச் சட்டியில், கண்ணுக்குக் காப்பாக மூடியிட்டு வறுக்க. கல்லுப்புப் படபடக்கும், பொடியுப்பு ஏறக்குறைய வாய்திறவாது. அரைக்கும்போதே சிறையறைகள் உடைந்து நீர் வெளியேறிவிட்டமையே காரணம். ஈய நைட்ரேட்டைச் சூடேற்றுமுன் நன்கு பொடித்துக்கொள்ள வேண்டும் என ஆய்வுக்கூடங்களில் கற்பிப்பதும் இதுபற்றியே.

மேலொட்டிய ஈரமே வெடிப்புக்குக் காரணம் என்பாரும் உளர். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை ஈர்ப்பதால் மழைக்காலத்தில் உப்பு கசிவது உண்மையே. ஆயினும் அவ்வீரம் 100 பாகையைச் சற்றே கடந்த சூட்டில் நீங்கிவிடும். அவ்வாறு நன்கு உலர்த்திய கல்லுப்பும் மேலும் சூடேற்ற வெடிக்கவே செய்கிறது. பகுப்பாய்வில் திட்டப் பொருளாகப் பயன்படும் சோடியம் குளோரைடை 500 பாகைக்கு மேலும் சூடேற்றி எடுப்பது, சிறைநீரையும் நீக்கவேண்டியிருத்தலாலேயே ஆகும். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும் தாய்மார், ஒலி அடங்கிய பின்னரே உப்பை இறக்குவதும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

5. சிறைநீர் இன்றியும் ஒலிப்பன

எல்லா ஒலிக்கும் சிறைநீரே காரணம் என்று கூறுதல் மிகைபடக் கூறலாகும். உருளையாக வார்த்த கந்தகத்தைக் கையில் இறுகப் பற்றிக் காதருகே வைத்தால் மெல்லிய படபடப்புக் கேட்கும். கையின் வெம்மையே அதற்குப் போதும். கந்தகம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் புறப்பகுதி சூடேறி விரிய, உட்பகுதி விரியாது நிற்கிறது. அவ்விழுபறியில் படிகங்கள் பிரிகின்றன, ஒலி எழுகிறது.

கால்சைட்டு என்னும் சுண்ணக்கனிமத்தில் மற்றொரு காரணமும் சேர்கிறது. அது சூட்டில் ஓர் அச்சின் வழியே நீள்கிறது; அதற்குக் குறுக்கே சிறிது சுருங்குகிறது. பல படிகங்கள் பலவாறு பின்னிக் கிடக்கும் கல்லில் இவ்வொவ்வாமை பிளவுக்கு வழி செய்யும். குவார்ட்சு என்னும் வெண்கல் 573 பாகையில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு சட்டெனப் பருமன் மிகும். அப்பொழுதும் விரிசல் தோன்றும். கலீனா எனப்படும் ஈயக்கனிமமும், ஃபுளோரைட்டும், பேரைட்டும் வெடிக்கும் இயல்பின. இவற்றுள் சிறைநீரும் வெப்பத் திரிபும் தனித்தனியாகவோ கூடியோ செயற்படுகின்றன. ஒலி ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று என்பது ஈண்டுப் பெறப்படும்.

6. மேலைநாட்டு ஆய்வு வரலாறு

இந்நிகழ்ச்சிக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் 'டிக்ரெபிடேஷன்' என்பது. படபடத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது அது. அவர்கள் ஒலியை நோக்கிப் பெயரிட்டனர். தமிழர் பிளவை நோக்கிப் பெயரிட்டனர். ஒலியைக் குறிக்க நமக்குப் 'படபட' என்னும் இரட்டைக்கிளவி உண்டு.

படிகங்களுள் அடைபட்ட நீரை ஆராய்ந்தவருள் ஹம்ப்ரி டேவி குறிப்பிடத்தக்கவர். அவர் 1822ஆம் ஆண்டில் குவார்ட்சு முதலியவற்றின் அறைகளைத் திறந்து, உள்ளிருந்தவற்றை ஆய்ந்து வெளியிட்டார். அடுத்த ஆண்டில் டேவிட் புரூஸ்டர், ஒரே அறையில் ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்கள் இருத்தலைக் கண்டார். அவற்றுள் சூட்டில் மிக விரிந்த ஒன்று நீர்மநிலையிலுள்ள கரியமில வளி எனப் பின்னர்த் தெளியப்பட்டது. 1830இல் டூமா என்னும் பிரெஞ்சு வேதியியலார், போலந்து நாட்டு வியலீச்கா சுரங்கத்து உப்பு ஒன்றைப் பற்றி எழுதினார். அது தீயிலன்றி, நீரில் கரையும்போதே படபடத்தது. உப்பினுள் அழுத்தமுற்று அடைபட்டிருந்த வளி, சுவர் கரைந்து மெலிந்ததும் வெடித்து வெளிப்பட்டமையே காரணம். 1839இல் ஹைன்ரிஷ் ரோசு என்னும் ஜெர்மானிய அறிஞரும் அவ்வுப்பை ஆராய்ந்தார். சூடு இன்றியும் வெடிப்பு நிகழக்கூடும் என்பதற்கு அஃது அரிய எடுத்துக்காட்டு.

1858இல் ஹென்றி கிளிஃப்டன் சார்பி வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். படிகம் தோன்றும்போது அதன் அறை முழுவதும் சூடான நீர்மம் நிறைந்திருக்கும். ஆறியபின் நீர்மம் சுருங்குவதால் குமிழி தோன்றும். ஆதலின் மீண்டும் சூடேற்றிக் குமிழி எப்பாகையில் மறைகிறது எனக் காணின், படிகம் பிறந்த சூட்டை உய்த்துணரலாம் என்பது அவர் கருத்து. மலைகளின் பிறப்பை நுண்ணோக்கியால் அறியும் வழி இவ்வாறு திறந்தது.

நுண்ணோக்கியில் காண்பதற்கு மாற்றாகக் காதால் கேட்டறியும் முறையும் பின்னர்த் தோன்றியது. கனிமத் துணுக்குகளைச் சீராகச் சூடேற்றி, எப்பாகையில் எத்தனை வெடிப்பொலி எழுகிறது என எண்ணிக் கனிமத்தின் பிறப்புச் சூட்டைக் கணிக்கும் முறையை 1948இல் ஸ்காட்டு என்பார் விளக்கினார். பலர் அதனைப் பின்பற்றினர். ஆயின் நாளடைவில் அதன் குறை வெளிப்பட்டது. அறை எப்பாகையில் வெடிக்கும் என்பது அது பிறந்த சூட்டை மட்டும் பொறுத்ததன்று. அறையின் பருமன், வடிவம், சுவரின் வலிமை, உள்ளிருக்கும் நீர்மத்தின் இயல்பு ஆகிய அனைத்தையும் பொறுத்தது. சிறிய அறை மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும்; பெரிய அறை முன்னரே பிளக்கும். ஆகவே ஒலி, பிறப்புச் சூட்டுக்கு நேர்ச்சான்று ஆகாது என்னும் தெளிவு ஏற்பட்டது. எட்வின் ரோடர் 1984இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் முடிவுகளைத் தொகுத்துரைப்பது.

சிறைநீர் எத்துணைக் காலம் நிலைத்திருக்கும் என்பதற்கு ஒன்று கூறி அமைவாம். 1998ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்து மோனகன்சு என்னும் ஊரில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. அதனுள் ஊதா நிற உப்புப் படிகங்கள் இருந்தன. அவற்றினுள் சிறைநீர் இருந்தமை 1999இல் வெளியிடப்பட்டது. ஞாயிற்றுக் குடும்பத்தின் தொடக்ககாலத்து நீர் ஓர் உப்புக் கல்லின் அறைக்குள் குலையாது நின்றது. அத்தகைய உப்பை அடுப்பிலிட்டால் அதுவும் படபடக்கும். ஆனால் அந்நீரின் வரலாறு அவ்வொலியோடு அழிந்துபோகும்.

7. 'வெடியுப்பு' என்னும் பெயர்

இவ்விடத்து மாணவர் மயங்குவதற்குரிய ஒரு பெயரை விளக்குதல் வேண்டும். பொட்டிலுப்பு எனவும் வழங்கும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு வெடியுப்பு என்று பெயர். தீயில் வெடிப்பதால் அது அப்பெயர் பெற்றது எனக் கொள்ளுதல் பிழை. அதனைத் தனியே சூடேற்றினால் 334 பாகையில் அமைதியாக உருகும். வெடிமருந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு அதுவே. எஞ்சியவை கரியும் கந்தகமும். கரி எரிவதற்கு வேண்டிய உயிர்வளியை அது தருகிறது. ஆகவே வெடிக்குப் பயன்படும் உப்பு என விரிக்க வேண்டுமேயன்றி, வெடிக்கின்ற உப்பு என விரித்தல் கூடாது. வெடிக்கின்ற உப்பு கறியுப்பே. தொகைச்சொல்லை விரிப்பதில் நேரும் பிழை பொருளறிவையே திரித்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

8. பதிப்புக்கும் கலைச்சொல்லுக்கும் வேண்டுவன

இதுகாறும் கண்டவற்றால் தமிழாய்வாளர் கொள்ளத்தக்க பயன்கள் மூன்று.

முதலாவது உரைகாண்டல் பற்றியது. இக்கால வழக்கில் 'பொரித்தல்' என்றவுடன் எண்ணெயில் இட்டு எடுத்தலே நினைவுக்கு வருகிறது. மருத்துவ நூலில் 'வெங்காரத்தைப் பொரித்து' என்றவிடத்து எண்ணெய் என்னும் கருத்தே இல்லை. வெறுஞ்சட்டியில் சூடேற்றிப் படிகநீரை நீக்குதலே அதன் பொருள். உரையாசிரியர் இதனை விளக்காது விடின், பயில்வோர் தம் சமையலறை வழக்கைக் கொண்டே பொருள்கொள்வர்.

இரண்டாவது அளவு பற்றியது. 100 எடை வெங்காரம் நீர் முழுவதும் நீங்கினால் 53 எடையாகக் குறையும். ஒரு மருந்தில் சேரும் வெங்காரத்தின் எடை பொரிப்பதற்கு முன் கொண்டதா, பின் கொண்டதா என்பதில் ஐயம் தோன்றினால், அளவு ஏறத்தாழ இரு மடங்காக வேறுபடும். 'வெங்காரம் பொரித்து நிறுத்து' என்பதும் 'வெங்காரம் நிறுத்துப் பொரித்து' என்பதும் ஒரே சொற்களால் ஆனவை. வினையெச்சங்களின் முறைவைப்பே வேறு. செய்யுளில் எதுகை நோக்கிச் சொற்கள் இடம் மாறுதல் இயல்பாதலின், பதிப்பாசிரியர் பாட வேறுபாடுகளைக் குறிக்கும்போது இத்தகைய முறைமாற்றத்தையும் விடாது குறித்தல் வேண்டும். எழுத்து வேறுபாட்டைக் குறித்துச் சொல்வைப்பு வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடுதல் மருத்துவ நூற்பதிப்பில் பெருங்குறையாகும். கறியுப்பிலோ இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. சிறைநீரின் அளவு மிகச் சிறிதாதலின் வறுப்பதால் எடை சிறிதே குறையும். குறைவது மிகுதியாகத் தோன்றுமாயின் அது மூடாத சட்டியிலிருந்து வெடித்துச் சிதறிய உப்பின் இழப்பே.

மூன்றாவது கலைச்சொல் பற்றியது. படிகநீர் நீங்கிப் பொருள் ஊதி எழுதலைப் 'பொரிதல்' என்றும், சிறைநீராலோ வெப்பத் திரிபாலோ படிகம் பிளந்து சிதறுதலை 'வெடித்துதிர்தல்' என்றும் வழங்கலாம். 'வெடித்தல்' என்று மட்டும் கூறின் வெடிமருந்தின் செயலோடு மயங்கும். 'உதிர்தல்' சேர்ந்தமையால் அம்மயக்கம் நீங்கும். படிகநீர், சிறைநீர் என்னும் இணையும் மாணவர் நெஞ்சில் வேறுபாட்டைப் பதியவைக்க உதவும். இவை புதியனவாகப் படைத்தவை அல்ல. மக்கள் வழக்கிலும் மருத்துவர் வழக்கிலும் உள்ள பொருளை வரையறுத்துக் கொண்டனவேயாம்.

9. முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு மீள்வோம். அடுப்பிலிட்ட உப்பு வெடிப்பது, அது விளைந்த பாத்தியில் அகப்பட்ட உவர்நீர் தன் சிறையை உடைப்பதால். ஓர் உப்பு மிகுதியாக வெடிப்பின், அது விரைந்து விளைந்தது என்றோ, பெருங்கல்லாக இருந்தது என்றோ, தீ கடுமையாக இருந்தது என்றோ கொள்ளலாம். அரைத்த பொடியுப்பை இட்டவர் வீட்டில் ஒலி குறைவதும் இதனாலேயே.

ஒலியைக் கேட்டுக் கண்ணேற்றின் அளவை உரைத்த முதியோரும், ஒலியை எண்ணிக் கனிமத்தின் பிறப்புச் சூட்டைக் கணிக்க முயன்ற அறிஞரும் ஒரே வகையான பிழைக்கு ஆளாயினர். ஒலிக்கு நேர்க்காரணமாகிய அழுத்தத்தைக் கடந்து, தாம் அறிய விரும்பிய ஒன்றுக்கு அவ்வொலியைச் சான்றாக்கினர். அறிஞர் தம் முறையை மீண்டும் மீண்டும் சோதித்துத் திருத்திக்கொண்டனர் என்பதே வேறுபாடு. சொல்லாராய்ச்சியிலும் இதே கடப்பாடு நமக்கு உண்டு. ஒலியொப்புமை கொண்டு பொறியையும் பொரியையும், உப்பையும் உப்புதலையும், வெடியுப்பையும் வெடிக்கும் உப்பையும் ஒன்றெனக் கொள்ளாது, ஒவ்வொரு சொல்லின் உள்ளேயும் அடைபட்டு நிற்கும் பொருளைத் தனித்தனியே ஆய்ந்து தெளிதல் வேண்டும். மருத்துவச் சுவடிகள் பல இன்னும் அச்சேறாது கிடக்கும் நிலையில், அவற்றைப் பதிப்பிக்க முன்வரும் ஆய்வு மாணவர் ஏட்டறிவோடு சரக்கறிவும் பெறுவது இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் முடிபு.